ஸ்டெப்னி மேல் நின்ற கார்

சிவகாசி
14-8-66

சிரஞ்சீவி காளிராஜுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நான், அம்மா, உன் தங்கச்சி சுப்புத்தாய் மூவரும் சுகம், பிலாய் உருக்காலையில் நீயும் அப்படியே இருக்க பத்திரகாளியம்மன் துணை. தீபாவளி ஆர்டர் தலைக்குமேல் கிடக்கிறது, எனக்குத்தான் ஒரு வேலையும் ஓடவில்லை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல.

பாண்டிச்சேரியில் வாங்கிய நம் பிரெஞ்சுக் கார், எவ்வளவு லோடு ஏற்றினாலும் பின்பக்கம் தாழாமல் எண்ணெய் விசையில் தானே நிமிர்ந்துகொள்ளும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேனே, அந்த எண்ணெய்க் குழாய்கள் ஒழுக ஆரம்பித்து, மதுரையில்கூட சாமான் இல்லையென்று கைவிரித்துவிட்டார்கள். அதையெல்லாம் கழற்றிவிட்டு மற்ற வண்டிகளைப் போல ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் வீட்டிலேயே மாட்டிவிடலாம் என்று நானும் டிரைவர் கருப்பணனும் இறங்கினோம். முதலில் எண்ணெயின் அழுத்தத்தை இறக்குங்கள், நாலு பக்கமும் முட்டுக் கொடுங்கள் என்று நீ எழுதியிருந்தாய். அப்பனுக்கே பாடம் சொல்கிறான் பார் என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். வண்டிதான் தானாகத் தூக்கி நிற்கிறதே, ஜாக்கி எதற்கு என்று கருப்பணனை அப்படியே அடியில் படுக்கச் சொன்னேன். அவன் ஸ்டெப்னிச் சக்கரத்தை உருட்டிவந்து அடியில் தள்ளி, அதன்மேல் ஒரு மரக்கட்டையும் வைத்துவிட்டுப் படுத்தான். பயந்தாங்கொள்ளி என்று சிரித்தேன். அவன் உள்ளே கிடக்கும்போது சக்கரத்துப் பக்கம் குழாயின் நட்டைத் திருகினவன் நான்தான். எண்ணெய் என் முகத்தில் பீச்சியடித்தது, வண்டி பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. கருப்பணா கருப்பணா என்று கத்துகிறேன், உள்ளிருந்து சத்தமே இல்லை. குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லையப்பா, எழுத வெட்கமாக இருக்கிறது. அந்தக் கட்டைதான் தாங்கியிருக்கிறது. அவன் நெஞ்சுக்கும் வண்டிக்கும் நாலு விரல் இடைவெளி, மூச்சடைத்துக் கிடந்திருக்கிறான். ஊர்ந்து வெளியே வந்ததும் முதலில் கேட்டது, "மொதலாளி, ஒங்க கையி உள்ள மாட்டலையே?"

அதற்கு நான் செய்த மரியாதையைக் கேள். லோடு ஏற்ற வந்திருந்த கம்பெனி ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால், ஏலே, பாத்து வேலை செய்யத் தெரியாதாலே என்று அவனை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். பயத்தில் வந்த கோபம், ஆனால் அது அவனுக்கு எப்படித் தெரியும். கையைத் துடைத்து, சாவியை சீட்டில் வைத்துவிட்டுப் போனவன்தான், இன்றோடு ஐந்து நாள். அம்மா போய் விசாரித்ததற்கு அவன் பெண்சாதி பஞ்சம்மாள், உடம்புக்கு ஒன்றுமில்லை, அவுகதான் வரமாட்டேங்காக என்றாளாம். தாயில்பட்டியில் ஒரு கம்பெனிக்காரர் அவனை அடுத்த வாரமே வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்றும் கேள்வி. பதினாறு வருஷம் என்னோடு இருந்தவன். இரண்டு தரம் அவன் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். தப்பு என்னுடையது என்று சொல்ல இந்த வாய்க்குப் பழக்கமில்லை.

ஆகையால் நீ ஒரு காரியம் செய். கருப்பணனுக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுது. குழாயைத் திருகியது அப்பா, தப்பு முழுக்க அப்பாவுடையது, மன்னித்து வேலைக்கு வரவேண்டும் என்று பூசி மெழுகாமல் எழுது. அவனுக்கு வாசிக்கத் தெரியாது. என் விலாசத்துக்கே அனுப்பு, நான் கொண்டுபோய் அவனுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

உலைப் பக்கம் கவனமாக இரு, கீழே வேலை செய்கிறவன் சொன்னாலும் காதில் வாங்கு. தீர்க்காயுசாக இருப்பாய். இதைக் கண்டதும் எழுதிப் போடு, மறக்காதே. எழுத்து கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும், மன்னிப்புக் கேட்கிற அந்த இடம் வரும்போது எனக்குக் கண் தெரியாமல் போகும்.

உன் அப்பா,
தங்கச்சாமி