படகு திரும்பாத தெரு

ஜூன் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம். உங்கள் தீயணைப்பு நிலையத்துக்குப் போகும் அலுவலகத் தபாலோடு இதையும் வைக்கிறேன். உன்னைப் போனில் பிடிப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும்.

எங்கள் வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் 'அறிவு வரைபடம்' ஒன்று தயாரிக்கிறோம். படகு எங்கே இருக்கிறது என்பதோடு நிற்காது. யாருக்கு அதை ஓட்டத் தெரியும், டீசல் யாரிடம், எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் தீரப்போகிறது என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்துக் காட்டும். அதைப் பார்த்து ஆளை அனுப்புவது நாங்கள்தான். உங்கள் நிலையத்தில் இருப்பதையெல்லாம் எழுதி அனுப்பு.

அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

உன் வாயாடி

ஜூன் 11

அன்புத் தங்கைக்கு,

விவரங்கள் இத்துடன். பெரிய படகு ஒன்று, அதற்கு ஓட்டுநர் நான். "இனிமே கம்ப்யூட்டர் சொல்லித்தான் நாம கிளம்பணுமாப்பா?" என்று எங்கள் அதிகாரி அலுத்துக்கொண்டார்.

அப்பா நம் வீட்டிலேயே தனியாகத்தான் இருப்பேன் என்று அடம்பிடிக்கிறார். என் குவார்ட்டர்ஸுக்குக் கூப்பிட்டால், "தண்ணி வந்தா பார்த்துக்கலாம், போடா" என்கிறார். நீ சொன்னால் கேட்பார். வருகிறேன் வருகிறேன் என்கிறாய், ஆளைத்தான் காணோம்.

அண்ணன்

ஆகஸ்ட் 20

அண்ணனுக்கு,

வெள்ளம் வடிந்ததிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை.

அன்று வரைபடத் திரையில் இரண்டும் தெரிந்தன. நம் தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஆஸ்பத்திரியில் இன்னும் ஒரு மணி நேரத்துக்குத்தான் ஆக்ஸிஜன். சிலிண்டர் ஏற்றிய படகு உன்னுடையது மட்டும்தான். நம் தெருவுக்குப் போகக்கூடியது என்று செங்கல் சூளை டிராக்டரை வரைபடம் காட்டியது. அதை அனுப்பினேன். அது சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அப்பா மேசைமேல் ஏறி, வழுக்கி விழுந்து, இடுப்பை முறித்துக்கொண்டுவிட்டார்.

நாளைக்கே அப்படி வந்தாலும் உன்னை ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன். அதனால் மன்னித்துவிடு என்று எழுத வரவில்லை. அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து திரும்பிவிட்டேன். இப்போது வீட்டுக்கு வந்து அவரைப் பார்க்கலாமா?

வாயாடி

செப்டம்பர் 2

வாயாடிக்கு,

உடனே பதில் எழுதக் கை வரவில்லை.

அன்று நம் தெருமுனையைத் தாண்டித்தான் போனேன். மாடிகளில் நின்றவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். படகைத் திருப்பவும் திருப்பிவிட்டேன். அப்போதுதான் வயர்லெஸ்ஸில் "நேரா போ அண்ணா" என்றாய். நீ அழுதுகொண்டே சொன்னது எனக்குக் கேட்டது.

நேற்று அதை அப்பாவிடம் சொன்னேன்.

"அவ சொல்லலைன்னா இங்க வந்திருப்பியா?"

"வந்திருப்பேம்பா."

"ஆஸ்பத்திரியில எத்தனை பேருடா?" என்றார்.

"பதினோரு பேர். எல்லாரும் பொழைச்சுட்டாங்க."

கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. உன்மேலா, என்மேலா என்றுதான் தெரியவில்லை.

அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு டூட்டி, கூட இருக்க ஆள் வேண்டும். காலையிலேயே வந்துவிடு. வந்ததும் திட்டுவார். வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்.

அண்ணன்