ஐந்தாவதாக வருகிறவள்

விஸ்கான்சின்,
செப்டம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள டெல்லாவுக்கு,

சிக்ரிட்டின் அப்பா ஆர்னே எழுதுவது. நலமா? அலாஸ்காவில் இந்நேரம் பனி விழ ஆரம்பித்திருக்கும். இங்கே சோள அறுவடை பாதியில் நிற்கிறது. என் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. என் வீட்டுக்காரி மாரென் சர்ச் விருந்துக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறாள். உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

அக்டோபரில் நீங்கள் இருவரும் ஓடிய கல்லூரியில் சிக்ரிட் பெயரில் வழக்கமான ஓட்டப்பந்தயம். இந்த வருடம் சிலை வேறு திறக்கிறார்கள். அவள் போன விண்கலம் திரும்பி வரும் வழியில் எரிந்துபோனதிலிருந்து பள்ளிக்கூடம், பாலம், சாலை என்று எதற்கெல்லாமோ அவள் பெயரை வைத்துவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் கோட்டு மாட்டிக்கொண்டு போய் நின்று, கைகுலுக்கி, அலுத்துவிட்டதம்மா.

சிலையை முன்கூட்டியே எங்களுக்குக் காட்டினார்கள். நெஞ்சில் நாடா அறுபட, முதலாவதாக வந்து நிற்கிறாள். சிற்பியிடம், “எங்க பொண்ணு எப்பப்பா முதல்ல வந்தா?” என்று கேட்டேன். “ஒரு மரியாதைக்குத்தாங்க அப்படிச் செஞ்சேன்” என்றான், பாவம். ஓர் அணியில் ஏழு பேர் ஓடினாலும் முதல் ஐந்து பேர் வந்த இடத்தைத்தான் கூட்டி வெற்றியை முடிவு செய்வார்கள், ஐந்தாவது ஆள் தேங்கினால் அணியே போச்சு, எங்கள் பெண்தான் அந்த ஐந்தாவது ஆள் என்று விளக்கிப் பார்த்தேன். தலையாட்டினான். வீட்டுக்கு வந்து மாட்டுக்கொட்டகையில் நின்று அழுதேன். மாரெனுக்குத் தெரியாது.

அந்த நாட்களில் நீ அணியில் நாலாவதாக வந்து, மூச்சு வாங்கக்கூட நிற்காமல் திரும்பி, “ஓடுடி சோம்பேறிக் கழுதை, உன்னாலதான் தோக்கப்போறோம்” என்று கத்துவாய். முதல் தடவை கேட்டபோது, வேலியோரம் காப்பியோடு நின்ற எனக்கு உன்மேல் ஆத்திரம். வண்டியில் வரும்போது அவளிடம் சொன்னேன். “அவ திட்டலன்னா அந்தக் கடைசி மேட்டுலயே உக்காந்துடுவேன்ப்பா. அவளை ஒண்ணும் சொல்லாதே” என்றாள். வந்து சேர்ந்ததும் உன் ஷூ மேலேயே வாந்தி எடுப்பாள். எந்தப் பேச்சாளரும் இதைச் சொல்வதில்லை. அவர்களுக்குத் தெரிந்தது விண்வெளிக்குப் போனவளைத்தான்.

அவள் போன பிறகு நீ இந்தப் பக்கம் வரவில்லை. முடியவில்லை என்று கிறிஸ்துமஸ் வாழ்த்தில் எழுதியிருந்தாய். குறை சொல்லவில்லை, எனக்கும் முடியவில்லைதான். இந்த ஒரு தடவையோடு நானும் இந்த விழாக்களுக்குப் போவதை நிறுத்திக்கொள்ளப் போகிறேன். மேடையில் பேசக் கூப்பிட்டார்கள், மாட்டேன் என்றுவிட்டேன். நீயும் பேச வேண்டாம்.

ஆனால் வா. எல்லாரும் ஓடி முடித்துச் சாப்பிடப் போன பிறகு, எல்லைக்கோட்டுப் பக்கம் என்னோடு கொஞ்சம் நில். ஊரே அவளைப் புகழ்கிறது, டெல்லா. திட்ட ஓர் ஆள் இல்லை. அவள் இன்னும் வந்து சேரவில்லை. அந்த மேட்டைப் பார்த்து ஒரு தடவை கூப்பிடு.

கர்த்தர் உன்னையாவது பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஆர்னே ட்வைட்