டாஷ்போர்டில் போட்ட இரண்டு ஸ்க்ரூ

கூசமோ, பிப்ரவரி 9

அன்பு மகள் மிர்யாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிரிஸ்பேனில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. நீ அனுப்பிய வழி சொல்லும் கருவி கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்துவிட்டது. காரின் முன் கண்ணாடியில் ஒட்டுவதற்கு அதோடு வந்த ரப்பர் கிண்ணம் உங்கள் ஊர் வெயிலுக்குத்தான் லாயக்கு, இங்கே மைனஸ் இருபத்தைந்தில் கல்லாக இறுகி இரண்டாம் நாளே கழன்று பிரேக்குக்கு அடியில் விழுந்தது. அதனால் நானே ஒரு தாங்கி செய்தேன். முதலில் ரொட்டி வந்த அட்டையை வெட்டி அளவு பார்த்தேன், பிறகு சவுனா குளியலறையின் அடுப்புக்குப் பின்னால் கிடந்த அலுமினியத் தகட்டை அறுத்து டாஷ்போர்டின் வளைவுக்குத் தக்கபடி வளைத்து, ஆடாமல் இருக்க அடியில் பழைய பூட்ஸ் ரப்பரைக் கொடுத்தேன். துளை போடும் இடத்துக்குப் பின்னால் ஒயர் ஏதும் ஓடுகிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டேன். டிரில் பக்கத்து வீட்டு ரெய்னோவுடையது, கிழட்டு வண்டிக்கு இப்பப் போய் மூக்கு குத்துறியே என்று சிரித்தான். இரண்டு ஸ்க்ரூ போட்டேன், மேடு பள்ளத்தில்கூட அசையவில்லை.

இதை ஃபோனில் கேட்டுவிட்டு, இனிமே வழி தப்பாதுப்பா, எனக்கு நிம்மதியா இருக்கு என்றாய். அந்த நிம்மதிதான் என்னை உறுத்துகிறது. நவம்பரில் அம்மாவின் கண்ணுக்கு ஊசி போட ஓலு ஆஸ்பத்திரிக்குப் போனபோது புதுச் சாலையில் வழிகாட்டிப் பலகை சரியில்லை, அதனால் பிந்திவிட்டோம் என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். முப்பது வருஷமாக மடியில் வரைபடத்தை விரித்து வைத்து எனக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தவள் உன் அம்மா. அன்றைக்கும் பாலத்துக்கு முன்னாலேயே, ஆர்வோ, இடது பக்கம் திரும்பு என்றாள். எதிர்ல வர்ற லாரியே உனக்குத் தெரியல, நீ எனக்கு வழி சொல்றியா என்றேன். அவள் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டாள். நான் நேரே போய் ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றினேன். அவள் சொன்ன வழிதான் சரி. போய்ச் சேர்ந்தபோது எங்களுக்குக் கொடுத்த நேரம் கடந்துவிட்டது, அடுத்த தேதி ஐந்து வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அதற்குள் இடது கண்ணின் நடுவே இருட்டு விழுந்துவிட்டது, அது இனி விலகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தப்பு வேறு யாருடையதும் இல்லை.

போன வாரம் ஓலுவுக்கு முதல் தடவையாகத் தாங்கியில் கருவியை வைத்து ஓட்டினேன். அது பெண் குரலில் பேசிக்கொண்டே வந்தது, அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நீயும் சொல்லேன் ஹில்க்கா என்று நானே கேட்டேன். எதுக்கு, அவ சொன்னா மறுபேச்சில்லாம திரும்புறியே என்றாள். மூன்று மணி நேரப் பயணத்தில் அவள் பேசியது அது ஒன்றுதான். குறித்த நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்தோம், எனக்கு வெட்கமாக இருந்தது. உன்மேலும் கோபம் உண்டு, மறைக்கவில்லை. ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ என்று கேட்டோம், உனக்குப் பதிலாக இந்தக் கருவி இருந்த பெட்டி வந்தது. ஆனால் என்மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா காபி கொண்டுவந்து வைத்து, அவளுக்கு என்ன எழுதுறே, வாசிச்சுக் காட்டு என்றாள். தாங்கி செய்த கதை வரைக்கும் வாசித்தேன். அவ்வளவுதானா என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றேன். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நீங்கள் இருவரும் குறையில்லாமல் வாழ வேண்டும். வெயிலில் தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது கருவி எப்படி இருக்கிறது என்று கேட்காதே, அம்மாவின் கண் எப்படி இருக்கிறது என்று அவளிடமே கேள்.

அன்புடன்
அப்பா ஆர்வோ