பங்குக் கிணற்றுக் காத்தாடி

இஞ்சாருங்கோ,

கலியாணம் முடிந்த நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். ஆள் போய்விட்டார், இனிப் பழக்கத்தை விடு என்று யார் சொன்னாலும் விடமாட்டேன். நீங்கள் கேட்காவிட்டால் புத்தூர் முழுக்கக் கேட்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

உங்களுடைய முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு உங்கள் தம்பி அச்சுவேலியிலிருந்து லொறியோடு வந்து நின்றார். "மச்சாள், கிணத்தில தண்ணி இறைக்கிற காத்தாடியைக் கழட்டுவம். அது தண்ணி தந்து மாசக்கணக்காச்சு. இரும்பை வித்துப்போட்டுப் புது இறைப்பு மிசின் ஒண்டு எடுத்துத் தாறன். இப்பதானே எல்லாம் கப்பலில வந்து குவியுது" என்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். கெட்டவர் என்றால் வாய் நிறைய ஏசியிருப்பேன். "வெள்ளிக்கிழமை வாங்கோ தம்பி, பாப்பம்" என்று மட்டும் சொன்னேன். "வெள்ளிக்கிழமையும் தண்ணி வராட்டிக் கழட்டுறதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசிகசாலையிலிருந்து கண்டுபிடிப்பாளர்களின் வாழ்க்கைக் கதைகளை எடுத்து வருவீர்களே, நினைவிருக்கிறதா? மின்குமிழைக் கண்டுபிடித்தவர், ஆகாயத்தில் பறந்த அண்ணன் தம்பி, அவர்கள் எத்தனை தரம் விழுந்தார்கள், எப்படி எழுந்தார்கள் என்று சோற்றைப் பிசைந்தபடியே எனக்குச் சொல்லுவீர்கள். "அந்த மனுசன் விழுந்தெழும்பின நேரமெல்லாம் அவரின்ரை வீட்டில ஆர் உலை வைச்சது? அதையும் எழுதியிருக்கோ?" என்று கேட்பேன். நீங்கள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இல்லையப்பா, அதைக் காணேல்லை" என்பீர்கள்.

அவர்கள் எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் உலை வைத்தவள் நான்.

முதல் காத்தாடி சோளகக் காற்றில் சரிந்து பக்கத்துத் தோட்டத்துச் செல்லையரின் வாழைகளுக்கு மேல் விழுந்தது. அன்றைக்குத்தான் ஊர் உங்களுக்குப் பைத்தியப் பட்டம் கட்டி, 'காத்தாடி விசரன்' என்று பெயர் வைத்தது. நீங்கள் வாழைக்குப் பதில் வாழை நட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த நாளே தார்ப் பீப்பாயை வெட்டிப் புது இறக்கை செய்ய உட்கார்ந்தீர்கள். நான் ஏசினேன். இப்போதும் நீங்கள் எழுந்து வந்து அப்படி உட்கார்ந்தால் ஏசுவேன். ஆனால் இறக்கையின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டிருந்ததும் நான்தானே?

பனங்குற்றிகளின் உச்சியில் அது சரியாக நின்ற நாள் பங்குக் கிணற்றில் எங்கள் இறைப்பு முறை. அன்று பொழுது சாயும்வரை இலைகூட அசையவில்லை. மறுநாள் விடியக் காற்று எழும்பியது. காத்தாடி சுற்ற, கிணற்றுத் தண்ணீர் குபுகுபுவென்று நம் வெங்காயப் பாத்திக்கு ஓடியது. நீங்கள் பிள்ளை பிறந்ததுபோல நின்றீர்கள். அன்று செல்லையரின் முறை என்பது நம் இருவருக்கும் நினைவில்லை.

பங்குக் கிணற்றில் பிறத்தியாரின் முறையில் ஒரு பட்டை தண்ணீர் அள்ளினாலே வெட்டுக்குத்து. செல்லையர் மண்வெட்டியோடு வந்தார். "என்ரை முறையில உங்கடை தோட்டத்துக்குத் தண்ணி பாயுது. உந்தக் கோதாரியை இப்பவே இறக்கு. இல்லாட்டி நான் இறக்குறன்" என்றார். பங்காளிகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். இறக்கைக்கு வளைவு பார்த்தீர்கள், குழாய்க்கு அளவு பார்த்தீர்கள். காற்று முறை பார்த்து வராது என்பதைப் பார்க்க மறந்துவிட்டீர்களே.

நீங்கள் செல்லையருக்குக் கிட்டப் போனீர்கள். அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, வாய்க்காலை வெட்டி, தண்ணீரை அவருடைய தோட்டத்துக்கே திருப்பிவிட்டீர்கள். "ஆரின்ரை முறையில காத்து வருதோ, தண்ணி அவைக்கு" என்றீர்கள்.

அன்று வீட்டில் நான் போட்ட சண்டை சின்னதா? "நாங்கள் முறிஞ்சு கட்டினது ஊருக்குத் தண்ணி இறைக்கவோ?" என்று கேட்டேன். "காத்தென்ன, நீ கொண்டந்த சீதனமோ?" என்று சிரித்தீர்கள். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு மண்ணெண்ணெய்க்குச் சங்கக்கடை வாசலில் வரிசை நின்ற காலம் வந்தது. எண்ணெய் மிசின் வைத்திருந்தவர்களின் மிளகாய்க் கன்றுகள் வாடின. நம் கிணற்றுப் பங்காளிகளின் தோட்டங்கள் வாடவில்லை. விசரன் என்றவர்கள் அப்போது எங்கே போனார்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

நீங்கள் படுக்கையில் விழுந்த மாதங்களில் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து மேலே தூக்கும் தோல் வாசர் கிழிந்துபோனது. காத்தாடி சும்மா சுற்றிக் கிறீச்சிட்டது. அதைக் கேட்டுத்தான் எல்லோரும் அதுவும் செத்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

தம்பி போன மறுநாள் சேலையைக் கொய்து செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். சாவுத் துடக்குக் கழிந்தும் கழியாததுமாய் ஒரு பெண் இப்படி மரத்தில் ஏறுவதா என்று வேலிக்கு அப்பால் ஒரு குரல் கேட்டது. ஏறுவேன். காத்தாடிச் சில்லைச் சுற்றாமல் கயிற்றால் கட்டிவிட்டு, குழாய்க்குள் இருந்த வாசர்க் கம்பியை மேலே இழுத்தேன். முதலில் சைக்கிள் ரியூப்பை வெட்டிப் போட்டேன், அது தண்ணீரைப் பிடிக்கவில்லை. கடையில் வாங்கிய தோல் ஒரு நாளில் பிய்ந்தது. கடைசியில் கட்டிலின் கீழ் கிடந்த உங்கள் செருப்பை எடுத்தேன், கோயிலுக்குப் போகும்போது மட்டும் போடுவீர்களே, அந்தத் தடித்த தோல் செருப்பு. வட்டமாக வெட்டி நல்லெண்ணெயில் ஊறவைத்துக் குழாய்க்குள் போட்டேன். வெட்டும்போது அழவில்லை. வெட்டி முடித்த பிறகு ஒப்பாரி வைத்து அழுதேன்.

வெள்ளிக்கிழமை லொறி வந்தது. நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். காத்தாடி சுற்றியது, குழாய் வெறுமனே இருமியது. "பாத்தியளோ மச்சாள்" என்று சொல்லி உங்கள் தம்பி ஆட்களை ஏணியில் ஏறச் சொன்னார். ஒருவன் பாதி ஏணி ஏறியிருப்பான், தண்ணீர் வந்தது. முதலில் சேறு, பிறகு தெளிந்த தண்ணீர்.

"வந்தாப்போல என்ன? எவ்வளவு நாளைக்கு?" என்றார் தம்பி. நான் வாயைத் திறக்குமுன் வாய்க்கால் பக்கமிருந்து செல்லையர் வந்தார். கையில் அதே மண்வெட்டி. கப்பலில் வந்த புது மிசின் அவருடைய கொட்டிலில் நிற்கிறது, தெரியுமா உங்களுக்கு?

"தம்பி, ஏணியில நிக்கிறவனை இறங்கச் சொல்லு" என்றார். "இண்டைக்கு என்ரை முறை. உது என்ரை தண்ணி. கை வைக்கிறதெண்டா என்னட்டைக் கேட்டிட்டு வை."

லொறி வெறுமனே திரும்பிப் போனது.

உங்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் வராது. வராவிட்டால் போகட்டும். நான் மூச்சு விடும்வரை அதை இறக்க விடமாட்டேன், இது சத்தியம். காற்று விழுத்தினால் திரும்ப நிமிர்த்துவேன். தோல் தேய்ந்தால் மற்றச் செருப்பு இருக்கிறது.

ஊர் உங்கள் பெயரை வீணாக விடவில்லை, எனக்கே வைத்துவிட்டது.

உங்கடை மனுசி,
காத்தாடி விசரி