மூக்கம்மாள் அக்கா ஒதுக்கிய சுக்கு

மட்டாஞ்சேரி
12.11.1979

அன்புள்ள அப்பாவுக்கு, சீனியம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். பல்கலைக்கழக ஆராய்ச்சி விருது எனக்குத்தான்!

நடந்த கூத்தைக் கேளுங்கள். வண்டு அரித்த சுக்கை, வெளியே துளை விழுமுன்பே கண்டுபிடிக்கலாம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். தேர்வாளர்கள் முன்னால் பிரித்துக் காட்ட நூறு துண்டுகளைக் கலந்து வைத்தேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள், என்னோடு அறையில் தங்கியிருக்கும் மூக்கம்மாள் அக்கா எல்லாவற்றையும் தரம் பிரித்துவிட்டாள். சுக்குக் கிடங்கில் பதினைந்து வருடமாக அதே வேலை செய்யும் கை, சும்மா இருக்குமா?

“கேடு பிடிச்சதெல்லாம் தனியா மாத்தி வெச்சிருக்கேன் மோளே,” என்றாள் பெருமையாக. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எது கேடு என்று பார்த்துவிட்ட பிறகு மறுபடி கலந்து காட்டினால் ஏமாற்றாகிவிடுமே; வேறு வழியின்றி அக்கா பிரித்த இரண்டு பொட்டலங்களோடு போய் உண்மையைச் சொன்னேன். அக்கா ஒதுக்கிய இருபத்திரண்டு துண்டில் ஒன்றிலும் துளை இல்லை. “பின்ன எப்படி மனசிலாச்சு?” என்று தேர்வாளர்களில் ஒருவரான பேராசிரியர் ஒவ்வொன்றாக வெட்டினார். அத்தனையிலும் புழு! என் ஆராய்ச்சிக் கட்டுரையில் அக்கா பெயரையும் சேர்க்கச் சொல்லிவிட்டார்.

விழா தை பத்தாம் தேதி. முழங்காலோடு அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். என் பச்சைச் சேலையையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் தபாலில் அனுப்பினால் போதும். ஊறுகாய் தபாலில் கசியுமோ என்னவோ.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. மதுரை பஸ் இங்கே காலை ஆறு மணிக்கு வரும். எதற்கும் விழா அன்று நான் போய் நிற்பேன்.

உங்கள் மகள்,
சீனியம்மாள்