மாமிக்கு வேண்டாத மாத்திரை

ஜூலை 8

என் மூத்திரத்தில் கிருமி இருக்கிறதாம். எரிச்சல் இல்லை, ஜுரம் இல்லை. காலையிலிருந்து ராயபுரத்தில் என் கயிற்றுக் கடையில் நின்றபடி மீன்பிடி போட்டுக்காரர்களுக்குக் கயிறு அளந்து கொடுத்தவள் நான். சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் லேப்காரன், பேக்கேஜ் என்று இதையும் பிடித்து வைத்துக்கொண்டான். தெருமுனை டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. ஏழு நாள் ஆன்டிபயாடிக்.

ஜூலை 12

நேற்று மட்டும் பன்னிரண்டு தடவை பேதி. கடை மூடல். கிருமி சுகமாக இருக்கும்.

ஜூலை 13

ஷாரிக் தூக்கிக்கொண்டு போய் டாக்டர் பெர்சிஸிடம் காட்டினான். பெற்றதற்கு இந்த ஒரு வேலையாவது செய்தான். மாத்திரையை நிறுத்திவிட்டார். “தொந்தரவு இல்லாம கிருமி மட்டும் இருந்தா விட்டுடணும்மா. சர்க்கரை இருந்தாலும் அப்படித்தான். சும்மா மருந்து போட்டா வயிறு கெடும். நாளைக்கு நிஜமா நோய் வந்தா, அந்த மருந்து கேக்காது.” இதைச் சொல்ல ஒருத்தி. விற்கத் தெருவுக்கு நாலு பேர்!

ஆகஸ்ட் 6

மருமகள் கௌசருக்கு நாலு மாதம். அவளுக்கும் அதே கிருமி, அவளுக்கும் தொந்தரவு இல்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதிவிட்டார்கள். என்னிடமேவா? அவள் கையிலிருந்து பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.

“இன்னா மாமி இது?”

“பாத்ரூம்லயே நான் குடும்பம் நடத்தினேனே, பாக்கல நீ?”

“உங்க வயித்துல புள்ளையா இருந்துச்சு?”

ஷாரிக் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வீரன்.

ஆகஸ்ட் 8

கௌசர் என்னைக் கேட்காமலே பெர்சிஸிடம் கிளம்பினாள். அந்தம்மா நம் பக்கம் என்று நானும் போனேன். அவர் என்னைத்தான் பிடித்தார். கர்ப்பிணிக்கு இதை விட்டால் கிட்னிக்கு ஏறலாமாம், குழந்தை எடை குறைந்து, முன்னாடியே பிறந்துவிடலாமாம். ரெண்டு நாள் வீணடித்தது யார் என்றார்.

வெளியே வந்து கௌசர் கேட்டாள்: “பிரி நைஞ்ச கயித்தைத் தார்ப்பாய் கட்டக் குடுக்கறீங்க. நங்கூரத்துக்குக் குடுப்பீங்களா மாமி?”

கொடுக்க மாட்டேன். கடைக்காரி நான், இது எனக்கு உறைக்கவில்லை. ஆளைப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே பேக்கேஜ் போடும் அந்த லேப்காரனைத் திட்ட எனக்கு இன்னா தகுதி கீது?

ஆகஸ்ட் 25

மாத்திரை முடிந்து மறு சோதனை. கௌசருக்குக் கிருமி இல்லை. அவள் வயிறும் கெடவில்லை. என் கிருமி இருக்கும், இருக்கட்டும்.

பேசி முடித்தது இதுதான்: பிரசவம் வரை டாக்டர் சொல்லும்போதெல்லாம் அவளுக்குச் சோதனை. ஜுரம், எரிச்சல் வந்தாலொழிய எனக்குக் கிடையாது. டாக்டரிடம் அவள் பேசுவாள். ஆட்டோக்காரனிடம் மட்டும் நான்.