சில்வரா, வெள்ளையா?

மார்ச் 4, செவ்வாய்

மதியம் கடையில் வேர்க்கடலை மென்றுகொண்டிருந்தபோது டக்கென்று ஒரு சத்தம். கல் என்று நினைத்துத் துப்பினால் கறுப்பாக ஒரு துண்டு. இடது கடைவாய்ப் பல்லில் பதினெட்டு வருஷத்துக்கு முன் அக்கா அடைத்த சில்வர். என் வாயில் இருக்கும் அடைப்பு எல்லாமே அக்கா கைவேலைதான். கூடப் பிறந்தவளே பல் டாக்டராக இருக்கும்போது வேறு யாரிடம் போய் வாயைத் திறப்பது?

சாயங்காலம் போனேன். சுத்தம் செய்து, தற்காலிகமாக எதையோ வைத்து மூடினாள். "வெள்ளிக்கிழமை வா. சில்வரே வச்சிடுறேன்." தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 5, புதன்

தலையாட்டியது தப்போ?

கடைத் தையல்காரியிடம் வாயை விட்டேன். அவளை 'நியூஸ்' என்றுதான் கூப்பிடுவோம். "ஐயையோ, சில்வர்ல பாதி பாதரசம்! இப்பல்லாம் வெள்ளைதான். உலோகமே கிடையாது" என்று ஃபோனைக் காட்டினாள். படித்தேன். விஷம் என்கிறார் ஒருவர். இறுகிவிட்டால் பயமில்லை என்கிறார் இன்னொருவர். உள்ளதை நோண்டி எடுப்பதுதான் ஆபத்து என்கிறார் மூன்றாமவர். மூன்று பேரும் டாக்டர்கள்.

அக்காவுக்கு ஃபோன் போட்டேன். "பாதரசமாமே?"

"பதினெட்டு வருஷமா செத்தா போயிட்டே?"

"சரி, வெள்ளை வச்சா என்ன?"

"அது நிக்காது" என்று சொல்லி வைத்துவிட்டாள். இவ்வளவு வெடுக்கென்று பேச நான் என்ன கேட்டுவிட்டேன்?

மார்ச் 7, வெள்ளி

போகவில்லை. கடையில் சரக்கு வந்திருக்கிறது என்று பொய் சொன்னேன்.

"பல்லு உன்னோடதா, உங்க அக்காவோடதா?" என்றார் என் வீட்டுக்காரர். என்னோடதுதான், ஆனால் அக்காவிடம் கேட்கத்தான் பயம். தினமும் நாற்பது பேருக்கு எந்த ஜன்னலுக்கு எந்தத் திரைச்சீலை என்று அடித்துச் சொல்கிறவள் நான். வெள்ளை வேண்டும் என்று சொன்னால், இத்தனை வருஷமாக நீ விஷத்தையா வைத்தாய் என்று கேட்ட மாதிரி ஆகிவிடாதா?

மார்ச் 11, செவ்வாய்

திருட்டுத்தனமாக எதிர்த்தெருப் புது டாக்டரிடம் போனேன். சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி. சில்வருக்குப் பயப்பட வேண்டாம், வெள்ளையும் நன்றாக நிற்கும் என்றார். தெளிவு கேட்டுப் போனால் இரண்டுக்கும் சரி என்கிறாரே!

"வைக்கிற கையிலதான் இருக்கு. வெள்ளைன்னா ஈரம் படாம, கொஞ்சம் கொஞ்சமா அடுக்கணும். கை அசங்கக் கூடாது. சில்வர் கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் பொறுத்துக்கும்."

பிறகு என் பல்லைப் பார்த்துவிட்டு, "இதை யார் மூடினாங்க? விளிம்பெல்லாம் மேடும் பள்ளமுமா இருக்கே" என்றார்.

"தெரிஞ்சவங்க" என்றேன். சீ! சொந்த அக்காவைத் தெரிஞ்சவங்க என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் மேடும் பள்ளமுமா? அக்கா வேலையா?

மார்ச் 16, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். டீ பாதிக் கப்தான் இருந்தது. அதையும் இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தாள். அப்படியும் தட்டில் சிந்தியது. பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"எப்பலேர்ந்துக்கா?"

"ஒரு வருஷமாச்சு. நரம்பு டாக்டர்கிட்ட காட்டிட்டேன். பாதரசத்தால இல்லையாம். நீ உடனே அதுல போய் நிக்காதே."

"வெள்ளை நிக்காதுன்னு சொன்னியே..."

"நான் வச்சா நிக்காதுடி."

சொல்லிவிட்டு, தட்டில் சிந்திய டீயைத் துடைத்தாள்.

மார்ச் 17, திங்கள்

வெள்ளை என்றால், உன் கை ஓய்ந்துவிட்டது என்று நானே சொன்ன மாதிரி. சில்வர் என்றால், இரக்கப்படுகிறேன் என்று கண்டுபிடித்துவிடுவாள். ஒரு பல்லுக்கா இவ்வளவு? நான் என்னதான் பண்ணுறது?

மார்ச் 19, புதன்

அக்காவின் நாற்காலியில் போய்ச் சாய்ந்தேன். "சில்வரே வச்சிடுக்கா."

கருவியைக் கையில் எடுத்தாள். என் வாய் வரைக்கும் கொண்டுவந்தவள், தட்டில் வைத்துவிட்டாள். "எனக்காகச் சொல்லாதே. உனக்கு எது வேணும்?"

"சில்வர்."

"ஏய்."

"...வெள்ளை."

அவளை அறைந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அவள் "சரி" என்றாள், கையுறைகளைக் கழற்றினாள். எதிர்த்தெருவுக்குப் போனதையும் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

"எப்படிப் பாக்குறார்?"

"பொறுமையா பாக்குறார்க்கா."

"நம்பர் இருக்கா?"

மார்ச் 24, திங்கள்

வெள்ளை வைத்தாயிற்று. அக்காவின் அறை, அக்காவின் நாற்காலி. வைத்தவர் எதிர்த்தெரு டாக்டர். அக்கா என் தலைமாட்டில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டாள். குழாய் என் உதட்டில் தட்டிக்கொண்டே இருந்தது. அவர் கவனிக்காத மாதிரி வேலையைச் செய்தார்.

"முடிஞ்சது, கடிங்க" என்றார் அவர். கடித்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "பின்பக்கம் உயரமா நிக்குது, தேய்ங்க" என்றாள் அக்கா. அவர் குனிந்து பார்த்தார். "ஆமாம் மேடம்" என்று தேய்த்தார்.

அடுத்து வந்த பெரியவர் வருஷக்கணக்காக அக்காவிடமே பல் பார்ப்பவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "டாக்டரம்மா, நீங்க பண்ணலையா?"

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும்போது அக்காவின் குரல் கேட்டது.

"இனிமே இவர்தான் பண்ணுவார். நான் பக்கத்துலயே நிக்கிறேன், வாயைத் திறங்க."